ஹெர்ரிங்கும் பழைய சோறும்

போன மாதம் செல்வம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மன்னார்குடிக்காரன். என்னிடம் இரண்டாம் சமையல்காரனாக இருந்தவன், இப்போது எண்ணெய்க் கப்பல் ஒன்றில் தலைமைச் சமையல்காரன். படத்தில் இருந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி, மூடியில் மீன் படம். கூடவே குரல் செய்தி: “அண்ணே, ஹெர்ரிங் இப்பல்லாம் இப்படித்தான் ரெடியா வருது. மூடியத் தொறந்து கிண்ணத்துல போட்டா முடிஞ்சிது வேலை. நீங்க எங்கள நிக்க வெச்சு வாங்குன வேலையெல்லாம் இப்ப உள்ள பசங்களுக்குத் தெரியாது. ஒரு நாளு உக்காந்து எழுதுங்கண்ணே, நம்ம குரூப்புல போடுறேன்.”

வேலை குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உப்பு மீன் பீப்பாய்க்குள் குனிந்து குனிந்து என் இடுப்பு போனது போனதுதான். செல்வத்தின் இடுப்பாவது பிழைக்கட்டும். ஆனால் எழுதச் சொன்னது பிடித்திருந்தது. கப்பலில் வேலை பார்த்தவன் என்றால் எல்லோரும் புயலைப் பற்றிக் கேட்கிறார்கள், கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். மீனைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பதோ அந்த மீனைப் பற்றித்தான்.

ஹெர்ரிங் என்பது வட கடல்களில் கூட்டங்கூட்டமாகத் திரியும் மீன். பார்வைக்கு நம் மத்தியின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும். அதே வெள்ளி மினுக்கு, அதே எண்ணெய்ப்பசை, அதே நுணுக்கு முள். நார்வேக்காரர்கள் இதை உப்பில் போட்டு வைத்து, பிறகு வினிகரும் சர்க்கரையும் வெங்காயமும் சேர்த்து ஊறவைத்து அப்படியே சாப்பிடுவார்கள். அடுப்பே கிடையாது. ஊறுகாய் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நாம் தொட்டுக்கொள்கிற மாதிரி விரல் நுனியில் எடுக்கிற ஊறுகாய் அல்ல. காலையில் ரொட்டிமேல் வைத்து, பத்து மணிக்குச் சும்மா ஒரு துண்டு, மதியம் வெந்த உருளைக்கிழங்கோடு ஒரு தட்டு, அப்படிச் சாப்பிடுகிற ஊறுகாய்.

எங்கள் வீடு திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். கத்தோலிக்கக் குடும்பம், அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். வாய்க்காலில் பிடித்த கெண்டையும் குளத்து விராலும்தான் எங்களுக்கு மீன். புளி ஊற்றிக் கொதிக்கக் கொதிக்கச் செய்தால்தான் அது குழம்பு. மீனில் சர்க்கரையைப் போட்டவனை எங்கள் அம்மா வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டாள்.

படிப்பு ஏறவில்லை. கும்பகோணத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கினேன், மாவு ஆட்டினேன், பரோட்டா அடித்தேன். சென்னையில் சமையல் படிப்புக்கு ஒரு சான்றிதழ் வாங்கினேன். பம்பாயில் ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் நாள்கணக்காக நின்று ஒரு சரக்குக் கப்பலில் பாத்திரம் துலக்கப் போனேன். பிறகு இரண்டாம் சமையல்காரன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லோரும் படுகிற பாடுதான். சொல்ல வேண்டியது, தலைமைச் சமையல்காரனாக முதல்முதலில் ஏறிய கப்பலில், கேப்டன் ஓலாவைப் பார்த்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

கேப்டன் ஓலாவ் நார்வேக்காரர். ஒல்லி, ஆறடிக்கு மேல் உயரம், கதவு நிலையில் எப்போதும் தலையைக் குனிந்து வருவார். தினமும் முற்பகலில் சமையலறைக்கு வருவார். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றுவார். “உள்ளே வரலாமா?” என்று கேட்பார். முதல் நாள் எனக்குக் குழப்பமாகிவிட்டது. கப்பலே அவர் பொறுப்பில் இருக்கிறது, என்னிடம் எதற்கு அனுமதி? நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. “வாங்க சார்” என்று நான் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தார். கையைக் கழுவினார். ஒரு முள்கரண்டியால் அன்றைய குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “ம்” என்றார். போய்விட்டார்.

அந்த ‘ம்’முக்கு மேல் பாராட்டு கிடையாது. சரியில்லை என்றால் “இல்லை” என்பார். எது இல்லை, ஏன் இல்லை என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடித்து மறுநாள் சரிசெய்யவேண்டும். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் விழுந்த விதத்தில் தமிழாக எழுதுகிறேன்.

ஹெர்ரிங் விஷயத்தில் மட்டும் அவர் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே நின்றார். உப்புப் பீப்பாயைத் திறந்து மீனை எடுத்துக் கழுவுவது. குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுவது, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “மீன் சொல்லும்” என்றார். வால்பக்கத்தில் ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கவேண்டும். உப்பு நாக்கை அடிக்கக்கூடாது, ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். பிறகு தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்து, கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டு போடுவது. வினிகர், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் கொதிக்கவைத்து இறக்கி முழுக்க ஆறவிடுவது. கண்ணாடி ஜாடியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை வெங்காயம், இடையிடையே முழு மிளகு, கடுகு, ஒரு பிரியாணி இலை. மேலே அந்த ஆறிய நீரை ஊற்றி, மூடி, குளிர்அறையில் வைத்துவிட்டு மறந்துபோவது.

ஆறிய நீர் என்பதை நான் ஒருமுறை அவசரத்தில் இளஞ்சூட்டில் ஊற்றிவிட்டேன். அவர் வந்து ஒரு துண்டை எடுத்தார், மெல்லாமலே கீழே வைத்தார். “இது சமைத்த மீன்” என்றார். அவர் வாயில் அது எவ்வளவு பெரிய வசவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவ்வளவும் செய்தேனே தவிர நான் சாப்பிடவில்லை. உப்புப் பார்க்கக் கிள்ளி வைப்பதோடு சரி, வாயைக் கொப்பளித்துவிடுவேன். பச்சை மீன், அதில் தித்திப்பு! நினைத்தாலே குமட்டும்.

குமட்டலைத் தீர்த்ததும் அதேதான். பிஸ்கே வளைகுடாவில் ஒரு மோசமான வாரம். கப்பல் ஒருக்களித்து ஒருக்களித்துப் போய்க்கொண்டிருந்தது. பாத்திரங்களைக் கம்பியால் கட்டி வைத்துச் சமைக்கிறேன். வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனைக் கேப்டன் பார்த்தார். ஒரு வெந்த உருளைக்கிழங்கை நசுக்கி, மேலே இரண்டு துண்டு ஹெர்ரிங் வைத்து நீட்டினார்.

“வேண்டாம் சார், வந்துடும்” என்றேன்.

“வந்தால் கடல் இருக்கிறது. சாப்பிடு.”

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் போட்டேன். முதலில் புளிப்பு. அதன் பின்னாலேயே உப்பு. தித்திப்பு கடைசியில்தான் வந்தது, அதுவும் வந்தது தெரியாமல். குளிர்ச்சியாக, வழுவழுப்பாக இறங்கியது. தொண்டையில் கசந்துகொண்டிருந்ததெல்லாம் அடங்கியது. இரண்டாவது துண்டை நானே எடுத்தேன். வரவில்லை. அன்று வயிற்றில் நின்ற முதல் சாப்பாடு அது.

அதை நம் சாப்பாடாக ஆக்கியவன் ஜமால். என்ஜின் அறையில் ஆயில்மேன், கூத்தாநல்லூர்க்காரன். என்னைவிடச் சில வயது சின்னவன். அந்தக் கப்பலில் தமிழ் பேச எங்களுக்கு நாங்கள் இருவர்தான். டெல்டாக்காரனுக்குக் காலையில் என்ன வேண்டும்? தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. எங்கள் இருவருக்கும் மட்டும் நான் ஒரு சட்டியில் ஊற்றி வைப்பேன். ஒரு நாள் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. வெங்காயமும் பச்சை மிளகாயும் இருந்தன. ஜமால் அலமாரியை நோட்டம் விட்டான்.

“அண்ணே, அந்த வெள்ளக்காரன் ஊறுகா இருக்கே, அது என்னா கணக்கு? ஒயின் கியின் போடுறீங்களா அதுல?”

“ஒயினெல்லாம் இல்லப்பா. வினிகர், சீனி.”

“அப்ப எடுங்க.”

பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்து, தயிர் விட்டு, மேலே ஹெர்ரிங் துண்டுகளை அடுக்கி, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டான். பிறகு தலையை ஆட்டினான். “அண்ணே, இதுக்குன்னே பொறந்த மீனுண்ணே இது. பாவம், அவங்களுக்குச் சோறு இல்லாமப் போச்சு.”

நானும் போட்டுக்கொண்டேன். சில்லென்ற சோறு, சில்லென்ற மீன், தயிரின் புளிப்பும் வினிகரின் புளிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அதன்பிறகு எங்கள் காலைச் சாப்பாடு அதுதான். ஆப்பிரிக்கக் கரையில் வெயில் கொளுத்தும்போது மதியமும் அதுதான். இடையில் பசித்தால் ஒரு துண்டை வெங்காயத்தோடு சேர்த்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வேன், மதியம்வரை தாங்கும்.

இனிமேல் சொல்வது அந்தக் கிறிஸ்துமஸ்.

தென்னமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கரை இரண்டு பக்கமும் வெகு தூரம். கிறிஸ்துமஸ் மேசைக்கு ஹெர்ரிங் இல்லாமல் முடியாது. வரிசையாக ஜாடிகள் போட்டேன். பண்டிகைக்கென்று அவர்கள் வழக்கப்படி கொஞ்சம் சாராயம் சேர்க்கச் சொன்னார் கேப்டன். சேர்த்தேன். ஜமாலுக்கு மட்டும் சாராயம் இல்லாமல் ஒரு சின்ன ஜாடி தனியாகப் போட்டேன். மற்ற ஜாடிகளோடு கலந்துவிடக்கூடாது என்று மூடிமேல் துணி கட்டி, நூலால் முடிச்சுப் போட்டு, அவன் கையிலேயே கொடுத்தேன். “இது உனக்கு, தைரியமா சாப்பிடு” என்றேன்.

பண்டிகைச் சாப்பாடு நன்றாக நடந்தது. கேப்டன் இரண்டு தடவை ‘ம்’ சொன்னார்.

மறுநாள் காலையில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். வாந்தி, பேதி. முதலில் இருவர், பிறகு ஏழெட்டுப் பேர். அதிலும் மோசம் ஜமால். மதியத்துக்குள் கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, கூப்பிட்டால் பதில் சொல்லாத நிலைக்கு வந்துவிட்டான். கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்த சீஃப் ஆபீசர் மெஹ்ரா கப்பலின் மருத்துவ அறையில் அவனைப் படுக்கவைத்துக் கையில் டிரிப் ஏற்றினார். கேப்டன் ரேடியோவில் கரையிலிருந்த டாக்டரிடம் பேசினார். ஹெலிகாப்டர் வந்து சேரும் தூரத்தில் நாங்கள் இல்லை.

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கேப்டன் வந்தார். வாசலில் நிற்கவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை, கேட்கவில்லை. நேராக உள்ளே வந்தார். பின்னால் மெஹ்ரா.

“சமைக்காத மீன் சார், வேறென்ன?” என்றார் மெஹ்ரா. “அத்தனையையும் கடலில் கொட்டச் சொல்லுங்கள்.”

“நானும்தான் சாப்பிட்டேன்” என்றார் கேப்டன்.

“உங்கள் வயிறு வேறு. ஜாடிகளும் பல. எது கெட்டது என்று யார் கண்டது?”

கேப்டன் என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்கிறாய்?”

எனக்கு மெஹ்ரா மேல் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னதையே காலையிலிருந்து எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற ஜாடிகளில் சாராயம் இருந்தது. ஜமாலின் ஜாடியில் இல்லை. அது ஒன்று கெட்டுப்போயிருந்தால்? என் கையால் கட்டி, என் கையால் கொடுத்து, தைரியமாகச் சாப்பிடு என்று வேறு சொல்லியிருக்கிறேன். “தெரியல சார்” என்று மட்டும் சொன்னேன்.

கேப்டன் கையை நீட்டினார். குளிர்அறைச் சாவியைக் கொடுத்தேன். பூட்டினார். மெஹ்ராவிடம் சொன்னார்: “எதையும் கொட்டக்கூடாது. கெட்டிருந்தால் அது நமக்குத் தெரியவேண்டும். கெடாமல் இருந்து கொட்டிவிட்டால், இந்த மனுஷன் பேரை எப்படி மீட்பது?”

போய்விட்டார். சாவி கையில் இல்லாத சமையல்காரன் எப்படி இருப்பான் என்று செல்வத்துக்குத் தெரியும். அன்று நான் வைத்த சோற்றை ஒருவரும் தொடவில்லை. டப்பாவைத் திறந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வேலைக்காக அல்ல. கூத்தாநல்லூரில் ஜமாலுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அடுத்த நாள் டிரிப் கொஞ்சம் வேலை செய்தது. ஜமால் கண் திறந்தான். நோய்வாய்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் கேப்டன் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய். ஜமாலிடம் வந்ததும் தடைப்பட்டது. காய்ச்சலில் அவனுக்கு இங்கிலீஷ் வரவில்லை, தமிழில் என்னவோ முனகினான். கேப்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“சார், இந்தச் சமையல்காரனைப் பற்றிய கேள்வியை இவனையே வைத்தா மொழிபெயர்ப்பது?” என்றார் மெஹ்ரா. தப்பாகச் சொல்லவில்லை; நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

“நான் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றார் கேப்டன்.

ஜமாலின் பக்கத்தில் குனிந்தேன். “ஜமாலு, நாந்தாம்ப்பா. நான் குடுத்த ஜாடியச் சாப்பிட்டியா?”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சொல்லுப்பா. எவ்வளவு சாப்பிட்ட?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே.”

“கோவமில்ல. சொல்லு.”

“தொறக்கவே இல்லண்ணே. பம்ப்பு மக்கர் பண்ணிடுச்சி. கீழேயே கெடந்தேன். மேல வரவே முடியல. நீங்க எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சீங்க… மன்னிச்சுக்குங்கண்ணே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாகக் கிடப்பவன், நான் கொடுத்ததைச் சாப்பிடவில்லையே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்! கேப்டன் என் தோளைத் தொட்டார். சொன்னதைச் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்குத் தாறுமாறாக இருந்தது, ஆனால் அவர் ஒருமுறைகூட என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேசையில் வேறு ஏதாவது?”

“ஒண்ணும் சாப்பிடலண்ணே. ரொட்டி ரெண்டு இருந்துச்சி பையில. அதான்.”

“என்ன குடித்தான்?”

கேட்டேன். “தண்ணிதாண்ணே. கீழ ஒரே அனலு. கொழாயத் தொறந்து வயிறு முட்டக் குடிச்சேன்.”

கேப்டன் எழுந்தார். என்ஜின் ஆட்களின் சின்னக் குளிர்பெட்டியில் அந்த ஜாடி இருந்தது. துணி கட்டியபடி இருந்தது. முடிச்சு நான் போட்ட முடிச்சு.

பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. நான் ஜாடிகள் போட்டு முடித்த பிறகு, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால்தான் குடிதண்ணீரை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தார்கள். புதிய தொட்டியில் இருந்தது கடைசித் துறைமுகத்தில் படகு வழியாக ஏற்றிய தண்ணீர். விழுந்தவர்கள் அத்தனை பேரும் குழாயிலிருந்து நேராகக் குடித்தவர்கள். காப்பி, டீ, பீர் என்று பொழுதை ஓட்டியவர்களுக்கு ஒன்றுமில்லை. என் அடுப்பில் கொதித்த எதிலும் கெடுதல் இல்லை. தொட்டியை அடைத்தார்கள், மருந்து போட்டார்கள். எனக்கு உத்தரவு: குடிக்கிற தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் உன் அடுப்பில் கொதித்துத்தான் வெளியே போகவேண்டும்.

கொதிக்க வைத்தேன். அதோடு நம் கஞ்சியையும் வைத்தேன். பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, வடிகட்டி, உப்புப் போட்டு, குவளை குவளையாக. டாக்டர் சொன்ன உப்புச்சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க முகம் சுளித்தவர்கள் அதைக் குடித்தார்கள். ஜமாலுக்கு நானே கரண்டியால் ஊட்டினேன். மெஹ்ரா அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிரிப்பைப் பார்த்துக்கொண்டார். “எனக்கும் கொஞ்சம் கொடு” என்று ஒரு குவளையை வாங்கிக் குடித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜமாலுக்குச் சிறுநீர் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும், இனிப் பயமில்லை என்றார் ரேடியோ டாக்டர். அன்று முற்பகல் நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கேப்டன். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

“உள்ளே வரலாமா?”

நான் அவரைப் பார்த்தபடி நின்றேன். அவரும் காத்துக்கொண்டு நின்றார், முதல் நாள் நின்ற மாதிரியே.

“வாங்க சார்.”

உள்ளே வந்து கையைக் கழுவினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேடைமேல் வைத்தார். “இன்று மதியம் ஹெர்ரிங். எல்லோருக்கும். எங்கள் அதிகாரிகள் அறையில் வேண்டாம், ஆட்கள் சாப்பிடும் அறையில் மேசை போடு.”

போட்டேன். ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். பூட்டிக் கிடந்த ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை. கேப்டன் ஜமாலின் சின்ன ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார். முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்று. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “இந்தக் கப்பலில் நம் உயிரை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள்? என் கையிலா? நான் வழியைத்தான் பார்க்கிறேன். மூன்று வேளையும் இவன் கையில் கொடுத்திருக்கிறோம். நான் இவனிடமிருந்து சாவியை வாங்கினேன். வாங்கவேண்டியது என் கடமை. திருப்பிக் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் கொடுப்பதும் கடமை.” என்னிடம் திரும்பினார். “நன்றாக இருக்கிறது.”

அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மெஹ்ரா தட்டை நீட்டினார். “எனக்கு ரெண்டு துண்டு. வெங்காயம் நிறைய.” அவருக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக வந்தன.

எத்தனையோ கப்பல்களில் பிறகு வேலை பார்த்தேன். கெட்ட கேப்டன்களையும் பார்த்தேன். ஒரு தட்டு சரியில்லை என்று சட்டியோடு எறிந்தவர்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த மதியம்தான். என் சம்பாத்தியத்தில் மகள் ஆசிரியையானாள், அப்பாவின் நிலம் விற்காமல் தப்பியது. இதையெல்லாம் கடல் கொடுத்தது என்று சொல்கிறார்கள். எனக்குக் கடலைவிட ஆட்கள் கொடுத்ததுதான் அதிகமாகத் தெரிகிறது.

ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வீடு பார்த்து உட்கார்ந்ததும் நாக்கு கேட்டது. ஹெர்ரிங்குக்கு எங்கே போவது? பூம்புகாரிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் நல்ல கொழுத்த மத்தியாகப் பார்த்து வாங்கினேன். உப்பில் போட்டேன், ஊறவைத்தேன், வால்பக்கம் கிள்ளிப் பார்த்தேன். என் மனைவி லூர்துமேரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஏங்க, ரிட்டயர் ஆனவங்க கோயிலுக்குப் போறாங்க, வாக்கிங் போறாங்க. நீங்க மீன்ல சீனியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்றாள். சரியாக வர நாலைந்து தடவை ஆனது. மத்திக்கு முள் அதிகம், வினிகர் இன்னும் கொஞ்சம் கேட்கிறது, சர்க்கரை குறைவாகக் கேட்கிறது. ஹெர்ரிங் இல்லைதான். ஆனால் தயிர்விட்ட சோற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. இப்போது அவளும் மதியம் உருளைக்கிழங்கு வேகவைக்கிற அன்று, “அந்த ஜாடிய எடுங்க” என்கிறாள். மகள் வந்தால் காரில் ஒரு ஜாடி போகிறது.

ஜமால் கூத்தாநல்லூரில் மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டான். நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடுவான். இந்தப் பொங்கலுக்குப் பிந்திய ஞாயிறன்றும் வந்தான். கறிக்குழம்பு வைக்கட்டுமா என்று லூர்துமேரி கேட்டதற்கு, “கறி எங்க வீட்ல தெனம் இருக்குக்கா. எனக்குப் பழய சோறு போடுங்க, போதும்” என்றான். இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. கேப்டன் ஓலாவ். எண்பது தாண்டியாகிவிட்டது. மகள் வீட்டில் இருக்கிறார், எப்போதாவது வீடியோவில் கூப்பிடுவார். திரையில் அந்த நீள முகம், ஜன்னலுக்கு வெளியே பனி.

“என்ன சாப்பிடுகிறாய்?” என்றார்.

தட்டைக் காட்டினேன்.

“அந்த வெள்ளை என்ன?”

“சோறு சார். நேத்து வடிச்ச சோறு, தயிர்.”

“மீனோடா?” என்றார். “இத்தனை வருஷம் என் சமையலறையில் இதைச் சாப்பிட்டுக்கொண்டு எனக்கு ஒரு வாய் கொடுக்கவில்லையே நீ.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் கண்ணைச் சுருக்கித் திரைக்கு அருகே வந்தார். “அந்த ஆயில்மேன், அன்று தண்ணீர் குடித்தவன், அவன் எப்படி இருக்கிறான்?”

போனை ஜமால் பக்கம் திருப்பினேன். வாய் நிறையச் சோறு. பதில் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்து, தலையை மட்டும் பலமாக ஆட்டினான். அந்தப் பக்கம் கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு, “ம்” என்றார்.